சோற்று நேரத்து நாவல்

அந்த எழுத்தாளரை எனக்கு எட்டாம் வகுப்பிலிருந்து பழக்கம். பழக்கம் என்றால் புத்தகப் பழக்கம்தான், நேரில் பார்த்தால் ஆளே தெரியாது. மாத நாவலாக எழுதிய காலத்திலிருந்து அவருடைய ஒரு கதையையும் நான் விட்டதில்லை. யாராவது அவரைக் குறை சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். பேக்கிங் செக்ஷனில் எனக்குக் கோபக்காரி என்று பெயர். அதில் பாதி இவரால் வந்தது.

நான் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனியில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் மத்தியானச் சோற்று நேரத்தில் எங்களுக்கு சினிமா, சீரியல் எல்லாம் என் கையில் இருக்கும் புத்தகம்தான். வேப்பமரத்தடியில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்காருவோம். நான் அவசர அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு வாசிக்க ஆரம்பிப்பேன். ஒரு சொல் கூட்ட மாட்டேன், ஒரு சொல் குறைக்க மாட்டேன். அது நான் அவருக்குக் கொடுத்த மரியாதை.

இந்த வருசம் அவருடைய புது நாவல் வந்தது. கதை நடப்பது சிவகாசிப் பக்கம், பட்டாசு ஆலையில் என்று கேள்விப்பட்டதும் விருதுநகர் போய் வாங்கி வந்தேன். மருந்து கலக்கும் ரூம் வெடித்து ஒருவன் சாகிறான். கதவு வெளியே பூட்டியிருந்ததா இல்லையா என்பதுதான் மர்மம். மனுசன் நன்றாக விசாரித்திருந்தார். ஒரு ரூமுக்கு இத்தனை பேர்தான், கதவு வெளிப்பக்கம்தான் திறக்க வேண்டும் என்பதெல்லாம் சரியாக இருந்தது. மூச்சுக்கு மூச்சு ‘வெடிமருந்து’ என்று எழுதியிருந்ததற்கு மட்டும் சிரித்தோம். இங்கே அது வெறும் மருந்துதான்.

“டவுனு ஆளுல்ல. மருந்துன்னா டாக்டர் குடுக்குறதுன்னு நெனச்சுக்கிருவாகன்னு பயந்திருப்பாரு” என்றாள் ஒருத்தி.

லேபிள் ஒட்டும் வேலையில் என் பக்கத்தில் உட்காரும் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. விஸ்வநத்தத்துக்காரி. அவள் வீட்டுக்காரர் வேறொரு கம்பெனியில் மருந்து கலக்கிக்கொண்டிருந்தபோது ரூமோடு போனவர். ரூமுக்குள்ளே பீடி பற்றவைத்துவிட்டான் என்று அப்போது கம்பெனியில் சொன்னார்கள், போலீசில் எழுதியும் வைத்தார்கள். அவருக்குப் பீடிப் பழக்கமே கிடையாது. ஒரு வருசம் அக்கா பார்ப்பவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு நிறுத்திவிட்டாள்.

முதல் நாளே நான் கேட்டேன், “யக்கா, வேற புத்தகம் வாசிக்கட்டுமா?”

“இதையே வாசி. என்னதான் எழுதியிருக்காகன்னு பாப்போம்” என்றாள்.

நாவலில் போர்மேன் மேல் சந்தேகம் விழுந்தது. அளவுக்கு மேல் மருந்தை ரூமில் வைத்து வேலை வாங்கினான், கதவையும் அவனே பூட்டியிருக்கலாம் என்று கதை போனது. சோற்று நேரத்தில் கண்ணயர்கிற அக்கா, இப்போது முதல் ஆளாக வந்து உட்கார்ந்தாள். “போர்மேன்தான். வேணும்னா பாரு” என்று தினமும் சொன்னாள். செத்தவன் மேல் தப்பில்லை என்று அச்சடித்த எழுத்தில் ஒருத்தர் சொல்லிவிட வேண்டும். அவள் காத்திருந்தது அதற்குத்தான்.

முன்கூட்டி வாசிக்கக் கூடாது என்று வைத்திருந்த கட்டுப்பாட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே மீறினேன். கடைசி இருபது பக்கத்தில் எல்லாம் தலைகீழானது. பூட்டிய கதவு, போர்மேன் எல்லாம் நம் கண்ணைக் கட்டுவதற்காக. காரணம் செத்தவனேதான். ரூமுக்குள் பீடி பற்றவைத்திருக்கிறான்.

அடடா என்று வாய்விட்டுச் சொன்னேன். அதை மறைக்க விரும்பவில்லை. தடயங்களை எல்லாம் என் கண்முன்னேயே போட்டு வைத்திருந்தார், இத்தனை வருசம் அவரை வாசித்த எனக்கே தெரியவில்லை. அடுத்த நிமிசம் அக்காவை நினைத்துப் புத்தகத்தை மூடினேன். இவ்வளவு நேக்காக எழுதத் தெரிந்தவருக்கு இந்த முடிவுதானா கிடைத்தது? இங்கே எந்த ரூம் வெடித்தாலும் பொழுது சாய்வதற்குள் சொல்லிவிடுகிற அதே பேச்சு. அவருடைய மற்ற வாசகர்களுக்கு அது திருப்பம். எங்களுக்குப் பழைய பாட்டு.

இன்னும் நான்கு நாள் வாசிப்பு பாக்கி. புத்தகத்தை மறந்து வந்துவிட்டேன் என்றேன். அப்படியென்றால் இதுவரை வந்த கதையை வாயால் சொல் என்றார்கள். தொண்டை கட்டிவிட்டது என்றேன். சுக்கு கொண்டுவந்து கொடுத்தார்கள். சோற்றை மென்று மென்று நேரத்தைத் தள்ளினேன். எழுந்து போக வேறு மரமும் இல்லை. சாயங்காலம் கம்பெனி வேனில் அக்கா என்னை ஒட்டித்தான் உட்காருவாள். அவளுக்கு முன்னால் மூச்சு விடவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை கடைசி அத்தியாயம். விரித்து வைத்துக்கொண்டு, அதில் இல்லாததை வாசித்தேன். போர்மேன் ஒப்புக்கொள்கிறான், செத்தவன் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று துப்பறிவாளர் சொல்கிறார். எழுத்தாளரின் நடையிலேயே சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னேன். எனக்கே நம்பும்படி இருந்தது. “நான் அப்பவே சொல்லல?” என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். அக்கா கடைசி ஆளாக எழுந்து வந்தாள்.

வேன் கிளம்பிக் கொஞ்ச தூரம் போன பிறகு, ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள்.

“கடைசி கால் மணி நேரமா நீ பக்கத்தைத் திருப்பவே இல்லியே?”

அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். இத்தனை நாளும் என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. மடியிலிருந்த புத்தகத்தைப் பைக்குள் தள்ளினேன்.

“பீடியா?” என்றாள்.

“ஆமாக்கா.”

அவள் சாப்பாட்டுத் தூக்கை மடியில் சரியாக வைத்துக்கொண்டாள்.

“எழுதத் தெரிஞ்சவுக எல்லாரும் அதையேதான் எழுதுறாக” என்றாள்.

விஸ்வநத்தம் போய்ச் சேர இன்னும் அரை மணி நேரம் இருந்தது.