மதினிக்கு ஒரு புதுக் கோயில்

எங்கள் கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கோயிலுக்குள் முதல்முறையாகக் கால் வைக்கும்போது மூன்று வேண்டுதல் வைக்கலாம், மூன்றும் கிடைக்கும். அடுத்த முறை போனால் அந்தச் சலுகை கிடையாது. கேட்டதை வெளியே சொன்னாலும் பலிக்காது. தேவாலயத்தைத்தான் நாங்கள் கோயில் என்போம்.

என் மதினி, அதாவது அண்ணன் மனைவி, தூத்துக்குடியிலிருந்து எட்டும் கோயில்களையெல்லாம் எப்போதோ தீர்த்துவிட்டார். மணப்பாட்டிலிருந்து வேளாங்கண்ணி வரை ஒன்று பாக்கியில்லை. முழங்கால் வலிக்கு ஒரு கோயில், மாடி வீட்டுக்காரர்கள் காலி செய்ய ஒரு கோயில் என்று தாராளமாகச் செலவழித்தவர், கடைசியில் பெற்ற மகனுக்குக் கேட்கக் கோயில் இல்லாமல் நின்றார்.

மகன் கப்பலில் அதிகாரியாவதற்குப் படிப்பவன். எழுத்துப் பரீட்சையெல்லாம் தேறிவிடுவான். ஓரல்ஸ் என்று எதிரே உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்கள், அங்கே வாய் ஒட்டிக்கொள்ளும். இரண்டு முறை போய்விட்டது. மூன்றாவதும் போனால் கடலே வேண்டாம், செல்போன் கடையில் உட்கார்ந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தான். அந்த மூன்றாவது ஓரல்ஸ் சென்னையில் நடந்த அன்று, நானும் மதினியும் கொச்சிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில் இருந்தோம். முந்தின நாள் சொந்தக்காரர் வீட்டுக் குழந்தைக்கு ஞானஸ்நானம். அந்த ஊர்க் கோயிலையும் மதினி முன்பே ஒரு கல்யாணத்தில் தீர்த்திருந்தார்.

நாத்தனாரான எனக்கு இந்தக் கணக்கிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. மதினியைச் சீண்டுவதில்தான் நம்பிக்கை. பக்கத்துத் தெருவில் யூதர்களின் பழைய தொழுகைக்கூடம் ஒன்று மியூசியமாக இருப்பதைப் பார்த்து வைத்திருந்தேன். நீங்கள் போகாத கோயில் ஒன்று இருக்கிறது, ரொம்பப் பழசு என்று மட்டும் சொன்னேன். முகம் மலர்ந்து, செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வாசலில் டிக்கெட் கேட்டதும் மதினி முறைத்தார். பழைய கட்டடம், பராமரிப்புக்கு என்று சமாளித்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு முக்காடு போட்டுக்கொண்டு, தீர்த்தத் தொட்டியைத் தேடிச் சுவரைத் தடவினார். உள்ளே நடுவில் பித்தளைக் கம்பி போட்ட மேடை. எதிர்ச் சுவரில் சிவப்பும் பொன்னுமாகச் செதுக்கிய மரப்பெட்டகம். மேலேயிருந்து கலர் கண்ணாடி விளக்குகள் தொங்கின.

"குருசு எங்க இருக்குளா?" என்று சிலுவையைத் தேடினார் மதினி.

நான் சிரித்துவிட்டேன். அங்கே வேலை பார்க்கும் அம்மாள் பாதித் தமிழும் பாதி மலையாளமுமாக விளக்கினார். இது யூதர்களுடைய இடம், அவர்கள் எல்லோரும் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள், பெட்டகத்தில் இருந்த வேதச் சுருளையும் கொண்டுபோய்விட்டார்கள், இப்போது இங்கே தொழுகை இல்லை. பெண்கள் மாடியில் மரச்சட்டத் தடுப்புக்குப் பின்னால் இருந்து தொழுவார்களாம்.

மதினி என்னைத் திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். அவரோ பெட்டகத்தைப் பார்த்தபடி யோசித்தார்.

"மாதா சின்னப்புள்ளையா இருக்கப்ப எந்தக் கோயிலுக்குப் போனாளாம்? நம்ம கோயிலுக்கா? இந்த மாதிரிதானளா போயிருப்பா. அதுவும் கேக்க ஆளில்லாம சும்மா கெடக்கு. கூட்டமில்ல, நம்ம சொல்லுதது நேரா போய்ச் சேரும்."

முழங்கால் வலியோடு மாடிப்படி ஏறிப் போய்விட்டார். நான் கீழே தனியாக நின்றேன். மணி பதினொன்று. பையனைக் கூப்பிட்டிருப்பார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவன் படித்ததெல்லாம் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். கேள்வி கேட்டது நான். கடலில் எந்தக் கப்பலுக்கு எந்த விளக்கு என்று கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். தலைக்கு மேலே ஒரு பச்சை விளக்கும் அதற்குக் கீழே ஒரு வெள்ளை விளக்கும் தொங்கின. மேலே பச்சை, கீழே வெள்ளை என்றால் இழுவலை போடும் கப்பல். சொல்லிடுலே, வாயத் திறந்து சொல்லிடுலே என்று முணுமுணுத்தேன். எனக்குப் பயமாக இருந்தது. பார்த்தால் முழங்காலில் நிற்கிறேன்.

அந்த அம்மாள் ஓடி வந்து என்ன ஆச்சு என்று கேட்டார். தோட்டுத் திருகு விழுந்துவிட்டது என்றேன். பாவம், அவரும் குனிந்து தேட ஆரம்பித்தார். வாட்ச்மேன் டார்ச் கொண்டுவந்தார். இரண்டு வெள்ளைக்காரர்கள் மேடைக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தார்கள். காதிலேயே இருக்கும் திருகை நானும் கால் மணி நேரம் தேடினேன்.

வெளியே டீக்கடையில் உட்கார்ந்ததும் மதினி, மாடித் தடுப்பு வழியாகக் கீழே நடப்பதெல்லாம் நன்றாகத் தெரிகிறது என்றார். நான் டீயை ஊதினேன்.

"நீ அவனுக்குத்தான் முட்டி போட்டன்னு தெரியும். அதான் நான் அவன விட்டுட்டேன். எம் மூணையும் ஒனக்குக் கேட்டுட்டேன்."

சொன்னால் பலிக்காதே என்றேன். பரவாயில்லை, இன்னொரு கோயில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். முப்பது வருடமாக இவரைக் கேலி செய்த என் வேண்டுதலை நம்பி, மகனை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறார். அவருக்கு இல்லாத பயம் எனக்கு வந்தது.

மதினியின் போன் அடித்தது. "நீ எடு. நீதான கேட்ட" என்று என் பக்கம் தள்ளினார்.

எடுத்தேன். அம்மா என்று நினைத்தே பேசினான். பாஸ் என்றான். "அத்தைட்ட சொல்லும்மா, வெளக்குதான் மொதல்ல கேட்டாவ."

கண்ணைத் துடைத்துக்கொண்டு மதினியைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். மதினி ஒரு சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு கையை நீட்டி, என் காதில் தோட்டுத் திருகை இரண்டு விரலால் ஒரு முறுக்கு முறுக்கிப் பார்த்தார்.

"நல்லா இறுக்கமாத்தானளா இருக்கு" என்றார்.