பத்தாவது காசு

போன வருடம் வைகாசிக் கடைசி. பாபநாசம் படித்துறையிலிருந்து கீழே வந்தால், ஆறு வளைகிற இடத்தில் கோடையில் மட்டும் தலை காட்டுகிற ஒரு மணல் திட்டு உண்டு. இது நடந்தது அங்கேதான். தண்ணீர் வந்துவிட்டால் திட்டு இருந்த இடமே தெரியாது.

நான் விக்கிரமசிங்கபுரத்துக்காரன். நூல் மில்லில் இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்த இரைச்சலில் வருடக்கணக்காக நின்றவனுக்குக் காது என்ன கதியாகும் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பேச்சு பாதிதான் விழும். மீதியை உதட்டைப் பார்த்துப் பிடித்துக்கொள்வேன். மெல்லிய சத்தம் எதுவும் கேட்காது. குக்கர் விசில், வாசல் மணி, போன் எல்லாவற்றையும் எனக்கும் சேர்த்துக் கேட்டது என் மனைவிதான்.

“மில்லுக்காரருக்கு வாக்கப்பட்டு என் தொண்டையே சங்காப் போச்சு” என்று சிரிப்பாள். ஒன்றே ஒன்றைத்தான் கத்தாமல் பையச் சொல்வாள். பால் பொங்கி வழிந்தாலும் சரி, சொந்தக்காரர்கள் ஏதாவது பேசிவிட்டுப் போனாலும் சரி, “சவம் கெடக்கு, விடுங்க” என்பாள். திருநெல்வேலிப் பக்கம் இது சாதாரணப் பேச்சு. தொலையட்டும் என்று அர்த்தம். அது என் காதில் விழாது, அவள் உதடு அசைவதைப் பார்த்தே தெரிந்துகொள்வேன்.

அப்போது அவள் போய் இரண்டு வருடம் ஆகப்போகிற சமயம். பொட்டும் பூவுமாகப் போனவள் என்பதால், நெற்றியில் வைத்திருந்த ஒரு ரூபாய்க் காசைச் சொந்தத்தில் இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். சுமங்கலியின் நெற்றிக்காசு வீட்டில் இருந்தால் நல்லது என்பது எங்கள் வழக்கம். நான் யாருக்கும் கொடுக்கவில்லை. கேட்டவர்களிடம் கோபமாகவும் பேசிவிட்டேன். அலமாரியில் அவளுடைய ஒட்டுப்பொட்டு அட்டை ஒன்று கிடந்தது. அதன் உறைக்குள் காசைப் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். சட்டை மாற்றினால் காசும் மாறும். வேறு எந்த ஒழுங்கும் என்னிடம் அப்போது இல்லை.

மகள் துபாயில் இருக்கிறாள். வீட்டில் நான் ஒருத்தன். எவ்வளவு நேரம்தான் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பது? போனில் ஒரு நாள், வெள்ளைக்காரன் ஒருவன் கடற்கரையில், மண்ணுக்குள் கிடக்கிற உலோகத்தைச் சத்தம் போட்டுச் சொல்கிற மிஷினை ஆட்டிக்கொண்டு காசு தேடுகிற படம் வந்தது. அவன் பேசியது கேட்கவில்லை, ஆனால் முகத்தில் இருந்த சந்தோஷம் தெரிந்தது. உடனே ஒன்று வாங்கினேன். ஆறு மாதம் கழித்து மகள் இன்னொன்று, பெரியதாக, கொண்டுவந்து கொடுத்தாள்.

சின்ன மிஷின் மகா வேகம். வீசிக்கொண்டே நடக்கலாம். ஆணிக்குப் பக்கத்திலேயே காசு கிடந்தாலும் இரண்டையும் தனித்தனியாகச் சொல்லும், திரையிலும் எண் காட்டும். ஆனால் அரை அடிக்குக் கீழே அதற்கு உலகமே கிடையாது. பெரியது நேர்மாறு. குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி பைய நகர்த்த வேண்டும். ஒரு அடிக்குக் கீழே கிடப்பதையும் சொல்லும். ஆனால் அவ்வளவு ஆழத்தில் திரையில் எண் வராது, காதில் மாட்டுகிற கருவியில் இழை போல ஒரு சத்தம்தான் வரும் என்று அதோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. அந்தச் சத்தம் எனக்கு ஒரு நாளும் கேட்டதில்லை.

இன்னொரு தொல்லையும் உண்டு. நம்முடைய இப்போதைய ஒரு ரூபாய் காந்தத்தில் ஒட்டுகிற எஃகு. அதை மிஷின் இரும்புக் குப்பை என்று ஒதுக்கிவிடும். அந்த ஒதுக்கலை அணைத்துவிட்டால் ஊரில் உள்ள ஆணி, ஊக்கு எல்லாம் சேர்ந்து கத்தும். இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். பத்து ஒரு ரூபாய்களை வெவ்வேறு ஆழத்தில் புதைப்பேன். பக்கத்தில் ஈர்க்குச்சி குத்துவேன். சின்னது எத்தனை நிமிடத்தில் எத்தனை காசு, பெரியது எத்தனை என்று பதிவு. யாருக்காக எழுதினேன்? யாரும் கேட்கவில்லை. பொழுது போக வேண்டுமே.

திட்டுக்கு வருகிற ஆள் என்னைத் தவிர இன்னொரு அம்மாதான். படித்துறையில் காரியம் செய்கிறவர்கள் ஆற்றில் விட்டுப் போகிற துணிகள் மிதந்து வந்து நாணலில் சிக்கும். அதை இழுத்துக் கரையில் குவிப்பது அந்தம்மாவின் வேலை. ஐம்பது வயது இருக்கும். முதல் வாரமே இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

“என்ன அண்ணாச்சி, செத்தவங்களுக்குப் போட்ட காசையா தோண்டுதிய? நல்லாருப்பியளா?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. “என் காசை நான் பொதைச்சு நானே எடுக்கேன். ஒன் சோலியப் பாரும்மா!”

“தன் காசத் தானே பொதைச்சுத் தானே தோண்டுதியளா?” என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அப்பொ ஆஸ்பத்திரிக்குல்லா போணும்.”

அதற்குப் பிறகு நாங்கள் பேசவே இல்லை. அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

அன்று வழக்கம்போலப் பத்துக் காசைப் புதைத்தேன். சட்டைப் பையில் கை விட்டு, பார்க்காமலே ஒவ்வொன்றாக எடுத்து வைத்ததுதான். சின்னது ஐந்தைச் சொன்னது, பெரியது ஏழு. மீதியைக் குச்சி அடையாளத்தை வைத்துத் தோண்டினேன். ஒன்பது கிடைத்தது. இருப்பதிலேயே ஆழத்தில் வைத்த பத்தாவது காசின் குச்சியை ஆடு மிதித்திருந்தது. இரண்டு இடத்தில் தோண்டிப் பார்த்தேன். இடுப்பு வலித்தது. ‘சவம் கெடக்கு, ஒரு ரூபாதானே’ என்று சொல்லிக்கொண்டு, ஒன்பது காசையும் ஆற்றில் நன்றாகத் தேய்த்துக் கழுவி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சாயங்காலம் சட்டையைத் துவைக்கப் போடும்போது பொட்டு உறையை எடுத்தேன். அடிப்பக்கம் கிழிந்திருந்தது. உள்ளே காசு இல்லை.

நெற்றிக்காசு பையில் நழுவி மற்றக் காசுகளோடு கலந்திருக்கிறது. நானே அதையும் சேர்த்துப் புதைத்திருக்கிறேன். பையில் பதினொன்று இருந்திருக்குமே என்று பார்த்தால், காலையில் டீக்கடையில் ஒரு ரூபாய் கொடுத்த ஞாபகம் வந்தது. அப்போது எண்ணியா கொடுத்தேன்? டீக்கடைக்கு ஓடினேன். நல்லவேளை, அவர் நான் கொடுத்த காசை முருகன் படத்துக்கு முன்னால் தனியாகப் போட்டிருந்தார். முதல் போணியாம். அதில் மஞ்சளும் இல்லை, குங்குமமும் இல்லை. நெற்றிக்காசின் ஓரத்தில் குங்குமம் இறுகிப்போயிருக்கும், காலையில் அது இன்னும் கழுவப்படாமல்தானே இருந்தது. ஆக அது அவளுடையது இல்லை. அப்படியானால் வீட்டில் இருக்கும் ஒன்பதில் ஒன்று, இல்லாவிட்டால் மணலுக்குள் இருக்கும் பத்தாவது. ஒன்பதையும் விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நானே தேய்த்துக் கழுவியவை. எல்லாம் ஒரே மாதிரி பளபளவென்று சிரித்தன.

பத்தாவது கிடைத்துவிட்டால் போதும். எது என்று தெரியாவிட்டாலும், பத்துக்குள் அவள் காசு இருக்கும். இந்த ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டு விடிவதற்குக் காத்திருந்தேன்.

காலையில் முதலில் சின்ன மிஷினை எடுத்தேன், அவசரம். அது பாட்டுக்கு ஆணி, ஊக்கு, பாட்டில் மூடி என்று அடுக்கியது. மேலே கிடப்பதை எவ்வளவு வேகமாகச் சொல்லி என்ன பிரயோசனம்? பெரியதை எடுத்தேன். சத்தத்தை முழுசாகக் கூட்டினேன். அங்குலம் அங்குலமாக நகர்த்தினேன். அது கீழே எதையோ சொல்லிக்கொண்டிருக்கிறது, என் காதில் பஞ்சு அடைத்த மாதிரி ஒன்றுமே இல்லை. இரண்டு மணி நேரம் போனது. கீழே மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தம்மா எதிரே நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மறுபடி சொல்லச் சொன்னேன்.

“நாளைக்குக் காலையில அணையில தண்ணி திறக்காவ. கார் நெல் நடவுக்கு. நேத்தே மைக்கு கட்டிச் சொல்லிட்டுப் போனாவளே, கேக்கலையா? நாளைக்கு வந்து தோண்ட முடியாது பாத்துக்கிடுங்க.”

“எனக்கு ஒரு எழவும் கேக்காது!” என்று கத்தினேன். “என் வீட்டுக்காரி நெத்திக்காசு உள்ள கெடக்கு. அந்தச் சத்தம் மட்டும் கேட்டா எடுத்துருவேன். கேக்க மாட்டேங்குது!”

இடுப்பில் இருந்த ஈரத்துணி மூட்டையை அவர் கீழே போட்டார். பிறகு கையை நீட்டினார்.

“காதுல மாட்டுததை இங்கன குடுங்க.”

நான் மிஷினை நகர்த்த, அவர் கேட்டுக்கொண்டே பக்கத்தில் நடந்தார். காசின் சத்தம் எப்படி இருக்கும் என்று பழக வேண்டுமே. ஒன்பதில் ஒன்றை மறுபடி மண்ணுக்குள் வைக்க எனக்கு மனசு வரவில்லை. அவரே சுருக்குப்பையிலிருந்து ஒரு ரூபாயை எடுத்து ஆழமாக வைத்து, நாலைந்து தடவை கேட்டுப் பார்த்துவிட்டு எடுத்து முடிந்துகொண்டார்.

“ஆணி கறகறங்குது. காசு ஒரு நடுக்கத்தோட, கொசு மாதிரி பாடுது. பைய, அண்ணாச்சி. ஏன் இப்படி வெரசலா போறிய? பைய.”

நான் மாதக்கணக்கில் நோட்டில் எழுதியதை அவர் ஒரு மணி நேரத்தில் காதால் பிடித்துவிட்டார். “இங்கன” என்று விரலை ஊன்றுவார், நான் தோண்டுவேன். கீழே போகப் போக ஈரம் ஊறிப் பள்ளம் சரியும். முதல் காசு கிடைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. நெற்றியில் ஒற்றிக்கொண்டேன். அப்போது அவர் இரண்டு எட்டு தள்ளி நின்று மறுபடி விரலை ஊன்றினார். அங்கேயும் ஒரு ரூபாய். மதியத்துக்குள் இன்னும் ஒன்று.

மூன்று காசு. நான் விட்டுப் போனது ஒன்றுதான். மற்றவை எந்த வெள்ளத்திலோ படித்துறையிலிருந்து உருண்டு வந்தவை. மூன்றும் ஏறக்குறைய ஒரே ஆழம், மூன்றிலும் ஒரே சேறு. ஒன்றிலும் குங்குமம் இல்லை. என் பத்தாவது இந்த மூன்றில் இருக்கிறதா என்றுகூடச் சொல்ல முடியாது, பிடித்துக்கொண்டிருந்த கணக்கும் போய்விட்டது.

“காசுல வருசம் போட்டிருக்குமே, அண்ணாச்சி. அக்கா காசுல என்ன வருசம்?”

எனக்குத் தெரியவில்லை. இரண்டு வருடமாக நெஞ்சோடு வைத்திருந்த காசு. எத்தனையோ தடவை கையில் எடுத்திருக்கிறேன், ஒரு தடவைகூடத் திருப்பிப் படித்ததில்லை. மிஷினுக்கு ஒரு நோட்டு முழுக்க எழுதத் தெரிந்தவனுக்கு இது தெரியவில்லை. அவமானத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால், அவள் கடைசியாக என்னிடம் என்ன சொன்னாள் என்பதும் எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் முகமூடிக்குள் ஏதோ சொன்னாள். உதடு தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். இதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்தம்மாவிடம் சொன்னேன்.

அவர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி என் மடியில் வைத்தார். என் முகத்துக்கு நேரே குனிந்து சொன்னார். என் காதில் விழுந்ததா, உதட்டைப் பார்த்துப் படித்தேனா, இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

“சவம் கெடக்கு, விடுங்க.”

இரண்டு வருடத்தில் அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதேன். அவர் துணி மூட்டையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, மூன்று காசையும் என் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

“மூணையும் எடுத்துக்கிடுங்க. இதுல அக்கா எதுன்னு தெரியாதுல்லா. மத்தவங்க யாரு பெத்த பிள்ளையோ. எல்லாரையும் கூட்டிட்டுப் போங்க.”

செத்தவங்க காசைத் தோண்டுகிறாயா என்று என்னைத் திட்டியவர்தான் இப்படிச் சொன்னார்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். திட்டு இல்லை. செம்மண் கலந்த தண்ணீர் இரண்டு கரையையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அந்தம்மாவை ஒரே ஒரு தடவை பஸ்ஸிலிருந்து பார்த்தேன். நான் உள்ளே, அவர் வெளியே. ஏதோ சொன்னார், கண்ணாடியில் வெயில் அடித்ததால் உதடு தெரியவில்லை. இந்தத் தடவை தலையை ஆட்டிவிட்டுப் போகவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி ஓடினேன். அதற்குள் அவர் போய்விட்டிருந்தார்.

இப்போது அலமாரியில் பன்னிரண்டு காசு இருக்கிறது. அதில் ஒன்று அவளுடையதாக இருக்கலாம், ஆற்றோடு போயிருக்கவும் செய்யலாம். வெள்ளிக்கிழமைதோறும் பன்னிரண்டு காசுக்கும் குங்குமம் வைக்கிறேன், ஒவ்வொன்றின் வருடமும் எனக்கு மனப்பாடம். கடையில் மீதியாக வருகிற காசையும் திருப்பி வருடம் படிக்கிறேன். தருகிறவர்கள், “ஒரு ரூபாதானே அண்ணாச்சி, அதைப் போயி இப்படிப் பாக்கிய?” என்று சிரிக்கிறார்கள். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை உதட்டைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். யார் என்ன சொன்னாலும் முழுசாகத் தெரிந்துகொள்ளாமல் தலையாட்டிவிட்டுப் போக இனி என்னால் முடியாது.