தாடி வளர்த்த மாதங்கள்

என் மகளின் பிறந்தநாள் வந்தால் எனக்கு மும்தாஜ் ஞாபகமும் கூடவே வந்துவிடும்.

அறுபதுகளின் கடைசியில் அரூர்ப் பக்கம் நான்காம் வகுப்பு வாத்தியாராக இருந்தேன். தகரப்பெட்டி செய்பவரின் மகள் மும்தாஜ். முதல் வரிசையில் உட்கார்ந்து, நான் சொல்லச் சொல்லப் பிழையில்லாமல் எழுதுவாள்.

அந்த வருஷம் என் மனைவி முழுகாமல் இருந்தாள். எங்கள் வழக்கப்படி குழந்தை பிறக்கும்வரை நான் சவரம் செய்யவில்லை. தாடியும் மீசையும் புதராக மண்டிவிட்டன. மும்தாஜோ எதைச் சொன்னாலும் தப்பாக எழுத ஆரம்பித்தாள். என் முகத்தையே உற்று உற்றுப் பார்ப்பாள். திமிர் என்று நினைத்துப் பிரம்பால் அடித்தேன். தினமும் அடித்தேன். ஒருநாள் அவள் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிட்டாள்.

மகள் பிறந்த சந்தோஷத்தில் மழித்துக்கொண்டு, மும்தாஜைக் கூட்டிவர அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மாதான் சொன்னார்:

"சின்னதுலயே காய்ச்சல் வந்து காது போயிருச்சுங்க சார். சொன்னா சேத்துக்க மாட்டாங்கன்னு மறைச்சுட்டோம். உங்க வாயசையறதப் பாத்துத்தான் எழுதிட்டிருந்தா. தாடி மூடிக்கிச்சுங்க."

மும்தாஜ் கதவோரம் நின்றிருந்தாள். அவள் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வாயை நன்றாகத் திறந்து, "வாம்மா, பள்ளிக்கூடம் போலாம்" என்றேன்.

இப்போது என் உதடு நன்றாகவே தெரிந்திருக்கும். ஆனால் அவள் அதைப் பார்க்கவில்லை. என் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.