இடது ஓரத்தில் காணாமல் போன எண்

பிரிண்டர் ஓரத்தை வெட்டினால் இன்றும் எனக்கு முதலில் வருவது கோபம்தான். வீட்டிலுள்ள லினக்ஸ் கணினியில் கறுப்புத் திரையைத் திறந்து, கட்டளைகளை ஒவ்வொன்றாக அடித்து, தப்பு எங்கே என்று பிடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டேன். "விடுங்கம்மா, புதுசு வாங்கிக்கலாம்" என்பார்கள் பிள்ளைகள். அவர்களுக்கு என்ன தெரியும்? ஒரு ஓரத்துக்காக நான் என் நாற்காலியையே பணயம் வைத்தவள்.

எண்பதுகளின் பின்பாதி. மலேசியாவில் ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் ரப்பர் கையுறை செய்யும் தொழிற்சாலை. சுங்காய் பக்க ரப்பர் தோட்டத்தில் அப்பா பால்மரம் வெட்டினார். நான் கையுறைகளைப் பெட்டியில் அடுக்கினேன். பேக்கிங்கில் மூன்று வருஷம் நின்று கால் வீங்கியபின், மாலை வகுப்பில் டைப்பிங் படித்து ஆபீஸுக்குள் நுழைந்தேன். அங்கே யூனிக்ஸ் கணினி ஒன்று இருந்தது. இப்போதைய லினக்ஸுக்கு அக்கா முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே கறுப்புத் திரை, அதே கட்டளைகள்.

சனிக்கிழமைதோறும் அடுத்த வாரத்து ஷிஃப்ட் பட்டியலை அச்சடித்து கேட்டில் ஒட்டுவது என் வேலை. ஒவ்வொரு வரியும் ஓர் ஆளின் எண்ணில் தொடங்கும்; அதன் முதல் இலக்கம்தான் ஷிஃப்ட். ஒன்று என்றால் காலை, இரண்டு என்றால் மத்தியானம்.

புதுப் பிரிண்டர் வந்தது. கணினியை விற்ற கம்பெனியின் டெக்னீஷியன் கோலாலம்பூரிலிருந்து வந்து அதை மாட்டி, அச்சடிக்கப் புதிதாக ஒரு கட்டளையும் எழுதி வைத்துவிட்டுப் போனார். அந்தச் சனிக்கிழமை வந்த பட்டியலில் எல்லா வரியிலும் முதல் இலக்கம் இல்லை. அவசரத்தில் நான் பார்க்காமலே ஒட்டிவிட்டேன். அது என் தப்பு. அதை நான் என்றைக்கும் மறுத்ததில்லை.

பழைய ஷிஃப்ட்தான் தொடர்கிறது என்று நினைத்து நாலு பெண்கள் திங்கட்கிழமை காலையில் வந்து நின்றார்கள். காவலாளி ஜாகா அவர்களை கேட்டிலேயே திருப்பி அனுப்பினார். "ஏன் தங்கச்சி, ஆபீஸுக்குள்ள போனதும் எங்க நம்பரு கண்ணுக்குத் தெரியலையா?" என்று கேட்டார் அவர்களில் ஒருவரான, முன்பு என் பக்கத்தில் நின்று பெட்டி அடுக்கிய ஓர் அக்கா. சுருக்கென்று இருந்தது.

வெள்ளிக்கிழமை டெக்னீஷியன் மறுபடி வந்தார். பிரிண்டரை ஒரு தட்டு தட்டிப் பார்த்தார். "மெஷின் பொய் சொல்லாது லா தங்கச்சி. நீங்க பேப்பர கோணலா மாட்டுறீங்க, ஓரம் வெட்டுது" என்றார்.

மேனேஜர் மேசையில் ஒரு கடிதம் தயாராக இருந்தது. என் கவனக்குறைவால்தான் எல்லாம் நடந்தது என்று நானே ஒப்புக்கொள்வதாக மலாயில் எழுதியிருந்தது. "கையெழுத்துப் போட்டா இங்கேயே இருக்கலாம். இல்லாட்டி திங்கக்கிழமை பேக்கிங்குக்குப் போயிரும்மா. நாலு மணிக்குள்ள சொல்லு" என்றார். இருவரும் சாப்பிடப் போய்விட்டார்கள்.

தோட்டத்தில் விடியற்காலை பெரட்டு உண்டு. எல்லாரும் வரிசையில் நிற்க, தோட்டத்துக் கணக்கரான கிராணி பேர் கூப்பிடுவார். கிராணி பேரை விட்டுவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. அப்படி ஒரு நாள் அப்பா பேர் விட்டுப்போனது. தப்பு கிராணியுடையது. அப்பா தலைத்துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு "சரிங்கையா" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார். அந்தச் "சரிங்கையா" எனக்கு இன்றுவரை ஜீரணமாகவில்லை.

சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். முதலில் பட்டியலைத் திரையில் காட்டச் சொன்னேன். முதல் இலக்கம் எல்லா வரியிலும் இருந்தது. கோப்பு சுத்தம். பிரிண்டரை அணைத்து, பொத்தானை அழுத்திப் பிடித்தபடி மறுபடி போட்டேன். அது தன்னைத்தானே சோதித்து ஒரு பக்கம் முழுக்க எழுத்துகளை அடித்தது. ஓரத்தில் ஒன்றும் குறையவில்லை. பிரிண்டரும் சுத்தம்.

பேப்பரை இரண்டு விரல் அகலம் இடப்பக்கம் நகர்த்தி மாட்டி, பட்டியலை அவருடைய கட்டளையால் அடித்தேன். இடது ஓரத்தில் வெள்ளை இடம் தாராளமாக விழுந்தது. இலக்கம் மட்டும் வரவில்லை. அப்போதுதான் உறைத்தது. இது ஓரப் பிரச்சினையே இல்லை. பேப்பருக்கு வருமுன்பே யாரோ தின்றுவிடுகிறார்கள்.

சரி, தின்னட்டும் என்று ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு வெற்றிடத்தைச் சேர்க்கும் கட்டளை கொடுத்து மறுபடி அடித்தேன். அது வெற்றிடத்தைத் தின்றது. இலக்கங்கள் முழுசாக வந்து விழுந்தன.

பிறகு டெக்னீஷியன் எழுதிய கட்டளையையே திறந்து பார்த்தேன். திருத்தத்தான் எனக்கு அனுமதி இல்லை, படிக்க யார் தடுத்தது? ஒவ்வொரு வரியையும் இரண்டாவது எழுத்திலிருந்து எடு என்று அதில் இருந்தது. வேறு ஏதோ கம்பெனிக்கு எழுதியதை அப்படியே கொண்டுவந்து ஒட்டியிருந்தார் போல. மெஷின் பொய் சொல்லவில்லைதான்.

அவர்கள் திரும்பி வந்தபோது மணி இரண்டரை. அதற்குள் மேனேஜரின் கடிதத்தை வரிக்கு வரி கணினியில் அடித்து வைத்திருந்தேன்.

"பேப்பர நீங்களே மாட்டுங்க அண்ணே" என்றேன் டெக்னீஷியனிடம். அவர் சிரித்துக்கொண்டே நேராக மாட்டினார். அவருடைய கட்டளையாலேயே அச்சடித்து மேனேஜர் முன் வைத்தேன். எல்லா வரிக்கும் தலை போயிருந்தது. தொழிற்சாலையின் பெயருக்கும் முதல் எழுத்து இல்லை, என் பெயருக்கும் இல்லை.

"இதுல யாரு கையெழுத்துப் போடணும் சார்? இந்தப் பேருல இங்க யாரும் இல்லயே."

டெக்னீஷியனின் சிரிப்பு நின்றது. திரையில் அந்த வரியைக் காட்டினேன். குனிந்து படித்தவர் உட்கார்ந்து அதை அழித்தார். பட்டியல் முழுசாக வந்தது. மேனேஜர் பழைய கடிதத்தை மடித்து டிராயரில் போட்டு, "சரி, போய் வேலயப் பாரும்மா" என்றார்.

நான் நகரவில்லை. "அத டிராயர்ல வைக்க வேணாம் சார், எங்கிட்ட குடுங்க. எனக்கும் ஒரு லெட்டர் வேணும். தப்பு கட்டளையிலதான், என் கையில இல்லன்னு."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வெளியே மூன்று மணிச் சங்கு ஊதி, ஷிஃப்ட் மாறுகிற சத்தம் கேட்டது.

"டைப் பண்ணிக் கொண்டா" என்றார் கடைசியில்.

கொண்டுபோனேன். இடது ஓரத்தில் ஓர் எழுத்துகூடக் குறையவில்லை. கையெழுத்துப் போட்டு, பழைய கடிதத்தையும் சேர்த்து என் பக்கம் தள்ளியவர், "இப்ப சரியா?" என்று கேட்டார்.

"படிச்சிட்டுச் சொல்றேன் சார்" என்று அவர் முன்னால் நின்றபடியே முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.