யன்னல் பக்கம் திரும்பிய கமரா

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், போர்வையை உதறக்கூடாத ஓர் அறை இருக்கிறது. சுவிஸில் இந்தச் சிறிய ஊருக்கு வந்த ஒன்பது வருடங்களாகப் போர்வை உதறி, தூசி துடைத்துத்தான் சீவிக்கிறேன். போன மாதம்தான் இப்படி ஓர் அறையைக் கண்டேன். அங்கே படுத்திருக்கும் கிழவியைச் சுவரிலிருந்து ஒரு கமரா பார்த்துக்கொண்டிருக்கிறது. நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தே, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று தாதிமார் இருக்கும் அறைத் திரையில் அது காட்டுமாம். பரீட்சித்துப் பார்க்க வைத்திருக்கிறார்கள். முதல் நாள் தெரியாமல் போர்வையை உதறிவிட்டேன். எங்கோ மணி அடித்தது. பொறுப்புத் தாதி ஓடி வந்து கிழவியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் கமராவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பயமா?" என்று கேட்டாள். ஓம் என்று தலையாட்டினேன். "பயப்படாதே. இதை ஒருவரும் இருந்து பார்ப்பதில்லை, மெஷின்தான் பார்க்கிறது" என்று சிரித்தாள். அவள் ஆறுதலுக்குத்தான் சொன்னாள். ஒருவரும் பார்க்காததுதான் என் பயம் என்று சொல்ல எனக்குத் தெரிந்த டொச் மொழி போதாது.

ஏனென்றால் நானும் ஒரு கமராவுக்கு முன்னால் இருந்து மூச்சு எண்ணியவள்.

என் அண்ணர் கொழும்பில், வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், இரண்டாம் மாடியில் இருக்கிறார். பிள்ளைகள் இல்லை. கூட இருப்பது அவரின் மனைவி, என் மச்சாள் யோகம். அண்ணருக்குச் சுவாசப்பையில் நீண்ட நாள் வருத்தம். நிமிடத்துக்கு முப்பது மூச்சைத் தாண்டினால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வரச் சொல்லியிருந்தார் டொக்டர். ஆனால் பக்கத்தில் ஆளிருந்து எண்ணினால் அண்ணருக்குப் பதற்றம் வந்து மூச்சு தானாக ஏறிவிடும். கீழே கடை வைத்திருக்கும் நசீர் நானாதான் இதற்கு வழி சொன்னார். ஒரு பழைய கணினியையும் கமராவையும் கொண்டுவந்து கட்டிலின் கால்மாட்டில் ஒரு ஸ்டூலில் பூட்டிவிட்டு, "ஒங்கட அண்ணன் பெரிய ஸ்டார் ஆகிட்டாரு தங்கச்சி. சும்மா மூச்சு விட்டாலே பாக்க வெளிநாட்டுல ஆளிருக்கு" என்றார்.

இங்கே காலை ஆறரை என்றால் அங்கே பத்து மணி. வேலைக்குப் போகுமுன் நான் கணினிக்கு முன்னால் இருப்பேன். படம் தெளிவில்லை. அதனால் மச்சாள் அவர் இடுப்பில் உடுக்கும் கோடு போட்ட சாரம் ஒன்றை நெஞ்சுவரை போர்த்துவிடுவாள். ஒரு கோட்டில் கண்ணை வைத்துக்கொண்டு எண்ணுவேன். இருபத்தி நாலு. இருபத்தாறு. அண்ணருக்கு நான் எண்ணுவது தெரியாது. நான் சும்மா முகம் பார்க்க வருகிறேன் என்றுதான் நினைத்திருந்தார்.

மச்சாளை நான் நம்பவில்லை. அம்மா பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ரெலிபோனில் எனக்குச் "சுகமாய் இருக்கிறா" என்றே சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். பதினோராம் நாள்தான் அழுதாள். அதன் பிறகு அவள் "சுகம்" என்றால் நானே கண்ணால் பார்க்காமல் விடமாட்டேன்.

அண்ணரைக் கழுவித் துடைக்கிற நேரம் அவள் கமராவைத் துணியால் மூடுவாள். திரை கறுத்துவிடும். நாலு நாள் பொறுத்தேன். பிறகு கேட்டேன்.

"ஏன் மச்சாள் மூடுறீங்கள்?"

"பின்ன? தமையனை உரிஞ்ச கோலத்தில பாக்கப் போறீரே?"

எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. "இருட்டாய் வந்தால் எனக்கு நெஞ்சு அடைக்குது மச்சாள். மூடாமல் அங்கால திருப்பி வையுங்கோ" என்றேன். அதை நான்தான் சொன்னேன். மறந்துவிடக்கூடாது என்பதற்காக இங்கே எழுதி வைக்கிறேன்.

அன்றிலிருந்து கமரா யன்னல் பக்கம் திரும்பியது. ஒழுங்கை தெரிந்தது, தண்டவாளமும் இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே ஒரு கீலம் கடலும் தெரிந்தன. ஒழுங்கை முடியும் இடத்தில் மண்மூட்டை அடுக்கிய காவலரணும், அதற்குள் ஓர் ஆமிக்காரனும். இங்கே வருவதற்கு முன் எட்டு வருடம் நான் நடந்த ஒழுங்கை அது. காலி வீதி என்ற பெருந்தெருவில் புடைவைக் கடையொன்றில் வேலை செய்தேன். கைப்பையில் அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் இருக்கிறதா என்று படியிறங்குமுன் மூன்று தரம் பார்ப்பேன். இப்போது ஒருவரும் மறிக்காமல் அந்த ஒழுங்கையைப் பார்க்க முடிந்தது. துடைக்கும் நேரம் பத்து நிமிடத்திலிருந்து அரை மணியானது. கழுவுகிறாளா, அவரை அப்படியே விட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாளா என்று சந்தேகப்பட்டேன். ஆனாலும் திருப்பச் சொல்லவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வன்னியில் சண்டை இறுகிய நாட்கள். கொழும்பில் நாளுக்கு நாள் சோதனை. ஒரு காலை, அந்த ஆமிக்காரன் நிமிர்ந்து நேரே என்னைப் பார்த்தான். பிறகு இன்னொருவனுக்குக் கை நீட்டிக் காட்டினான். சுவிஸில் இருந்த நான் மேசைக்குக் கீழே குனிந்தேன். குனிந்தபடியே மாடிப்படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டேன்.

கமரா தூக்கப்பட்டது. முகடு சுழன்றது. ஓர் அதிகாரியின் முகம் திரை நிறைய வந்தது. பின்னால் நசீர் நானாவின் குரல், "சேர், லெடெக் சேர்" என்று, நோயாளி ஒருவர் என்று, கெஞ்சிக்கொண்டிருந்தது.

"கவுத?" யார் என்று கேட்டான்.

"நங்கி" என்றேன். தங்கை. கடையில் பழகிய சிங்களம் அது.

என்ன பார்க்கிறாய், எங்கள் பொயின்டையா, காவலரணையா, என்று கேட்டான். இல்லை, "ஹுஸ்ம" என்றேன், மூச்சு, மூச்சை எண்ணுகிறேன். அவன் சிரிக்கவில்லை. கமராவைக் கட்டில் பக்கம் திருப்பினான். எண்ணு என்றான். தன் கைக்கடிகாரத்தையும் பார்த்தான்.

மச்சாள் அண்ணரின் மேல் சாரத்தை இழுத்துவிட்டாள். கோடு துடித்தது. ஒரு நிமிடம் முழுக்க எண்ணினேன்.

"முப்பத்தாறு" என்றேன்.

அவன் தன் கணக்கைச் சொல்லவில்லை. இன்றுவரை எனக்கு அது தெரியாது. மச்சாளிடம், "இஸ்பிரித்தாலெட்ட கெனியன்ன" என்றான், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ என்று. பிறகு வயரைப் பிடுங்கினான். திரை கறுத்தது.

பின்னேரம்தான் மச்சாள் ரெலிபோன் எடுத்தாள். நசீர் நானாவோடு ஓட்டோவில் கொண்டுபோனார்களாம். சுவாசப்பையில் நீர் கட்டியிருந்ததாம்.

"வெருண்டதால ஏறினதில்லையே?" என்று கேட்டேன்.

"இல்லையாம். விடியவே தொடங்கியிருக்கும் எண்டு டொக்டர் சொன்னவர். நீர் பாத்துக்கொண்டுதானே இருந்தனீர்?"

அன்று காலை நான் எண்ணவில்லை. அவள் கமராவைத் திருப்பும் வரை முகம் கழுவித் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். பிறகு கடலைப் பார்த்தேன்.

அண்ணர் வீட்டுக்கு வந்துவிட்டார். கமரா திரும்பி வரவில்லை. கேட்கப் போகவும் பயம். இப்போது மச்சாள்தான் எண்ணுகிறாள், அவர் கண்ணயரும் நேரம் பார்த்து, கதவோரம் நின்று. நான் ரெலிபோனில் கேட்கிறேன். திங்கள், இருபத்தாறு. செவ்வாய், இருபத்தாறு. பன்னிரண்டு நாள் இருபத்தாறு. பொய் என்று தெரியும். அதை அவளிடம் சொல்ல எனக்கு என்ன முகம் இருக்கிறது? பதின்மூன்றாம் நாள் கொஞ்சம் தயங்கி, "இருபத்தொன்பது" என்றாள். அந்தக் கணம் எனக்கு வந்தது ஆறுதல், இன்று பொய் இல்லை என்று. ரெலிபோனை வைத்த பிறகுதான் எதற்கு ஆறுதல்பட்டேன் என்று விளங்கி, கதிரையில் இருந்துவிட்டேன்.

அன்று வேலைக்குப் போய் அந்த அறைக்குள் நுழைந்தேன். போர்வையை உதறாமல், ஓரமாக மடித்தேன். பிறகு கிழவியின் கட்டிலோரம் நின்று எண்ணினேன். பதினாறு. மறுபடி எண்ணினேன். ஒரு கிழமையாக நான் இதைச் செய்துகொண்டிருந்தேன்.

பொறுப்புத் தாதி கதவில் வந்து நின்றாள். "நீ தினமும் இந்த இடத்தில் அசையாமல் நிற்பதைத் திரையில் பார்க்கிறேன். என்ன செய்கிறாய்?" என்று கேட்டாள். ஒருவரும் பார்ப்பதில்லை என்று சொன்னவள் அவள்தான்.

"துடைக்கிறேன்" என்றேன்.

அவள் என் கைகளைப் பார்த்தாள். கையில் துணி இல்லை.