கோடு அறுந்த இடங்கள்

மலேசியாவில், தெலுக் பங்லிமா காராங்கில் இருக்கும் அந்தக் குளிர்பதனக் கிடங்கில் வாணி சேர்ந்தபோது அவளுக்கு இருபத்து மூன்று வயது. கனத்த ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு அறை அறையாகப் போய், வெப்பமானியைப் பார்த்து அட்டையில் எழுதி வருவதுதான் முதல் வேலை. பிறகு சென்சார்கள் வந்தன. எண்கள் தாமாகவே கணினிக்கு வந்து சேர, வாணி மேஜைக்கு மாறினாள். ஆறு உறைநிலை அறைகள், ஒரு இயந்திர அறை, ஐந்து நிமிடத்துக்கு ஒரு எண். அவற்றை எக்செலில் அடுக்கி மாதாமாதம் அறிக்கை கொடுத்தாள். கிள்ளானிலிருந்து தினமும் காரில் வருவாள். மேலதிகாரி கேட்டதற்கு அவள் ஒருமுறையாவது முடியாது என்று சொன்னதாக அங்கே யாருக்கும் நினைவில்லை. பத்தொன்பது ஆண்டுகள் அப்படியே போயின.

இந்த ஆண்டு ஜனவரியில் மேலாளர் சிவநேசன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"எக்செல் போதும் வாணி. ஒரு டாஷ்போர்டு எடுக்கணும். சூப்பர்மார்க்கெட்காரங்க ராயா பெருநாளுக்கு முன்னால இங்க வராங்க. உள்ள நுழைஞ்சதும் ஸ்கிரீன்ல எல்லாம் தெரியணும். மூனு கம்பெனிய வரச் சொல்லிருக்கேன். டெஸ்ட் பண்ணி எது நல்லதுன்னு நீயே எழுதிக் கொடு. நம்பர் தெரிஞ்ச ஆளு நீதான்."

அவளை யாரும் அதுவரை எதையும் தேர்ந்தெடுக்கச் சொன்னதில்லை. அன்று மாலை வீட்டில் உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டாள். எவ்வளவு வேகமாகத் திறக்கிறது, கைப்பேசியில் தெரிகிறதா, கிடங்குப் பையன்களுக்குப் புரியுமா. மூன்று நிறுவனங்களுக்கும் ஒரே ஆறு மாத எண்களைக் கொடுத்தாள்.

முதல் மென்பொருளைக் கொண்டுவந்தவன் விமலன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அலுவலகம், சிரித்த முகம். அவன் காட்டிய திரை கண்ணைப் பறித்தது. இரண்டாவது சுமார். மூன்றாவது சாம்பல் நிறத்தில் மெதுவாகத் திறந்தது. அதைக் கழித்துவிடலாம் என்று நினைத்தபோதுதான் வாணி ஒன்றைக் கவனித்தாள். இயந்திர அறைக் கோடு அதில் துண்டு துண்டாக அறுந்திருந்தது.

அந்தக் கோடு, காற்றில் அம்மோனியா எவ்வளவு கலந்திருக்கிறது என்று சொல்லும் சென்சாருடையது. கிடங்கைக் குளிர வைப்பதே அம்மோனியாதான். குழாயில் கசிந்தால் கண்ணையும் நுரையீரலையும் பொசுக்கிவிடும். விமலனின் திரையில் அதே கோடு ஓர் இடத்திலும் அறாமல் ஓடியது.

மூன்றாவது மென்பொருளில்தான் கோளாறு என்று எண்ணி மூலக் கோப்பைத் திறந்தாள். கோளாறு இல்லை. அந்த நேரங்களில் எண்ணே வந்திருக்கவில்லை. கட்டங்கள் காலியாகக் கிடந்தன. விமலனுடையது கடைசியாக வந்த எண்ணையே அடுத்த எண் வரும்வரை இழுத்துக்கொண்டு போயிருந்தது. மொத்தம் பதினோரு இடங்கள். ஒவ்வொன்றிலும் எண் பதினெட்டு, இருபத்தொன்று, இருபத்து மூன்று என்று ஏறியது. இருபத்தைந்தில் அலாரம் அடிக்க வேண்டும். அதைத் தொடும் முன்பே கட்டம் காலியானது. ஆகஸ்டில் ஒரு முறை, இருபது நிமிடம். ஜனவரியில் மட்டும் ஐந்து முறை, ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம்.

வாணி எழுந்து இயந்திர அறைக்குப் போனாள்.

இயந்திர அறையைப் பார்த்துக்கொள்பவன் திருச்செல்வம். அந்த வாரம்தான் பத்துமலையில் மொட்டை போட்டுவிட்டு வந்திருந்தான். அறைக்குள் காலை வைத்ததுமே அவளுக்கு மூக்கு எரிந்தது.

"திரு, சென்சார் அடிக்கடி கட்டாகுதா?"

அவன் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "கட்டாகலக்கா. நான்தான் கேபிளக் கழட்டுறேன். அலாரம் அடிச்சா கம்ப்ரசர் தானா நின்னுரும். நின்னா ரூம் சூடேறிடும். சிவநேசன் சார்தான் கழட்டச் சொன்னாரு. ஃபேன் போட்டு வாசம் போனதும் திரும்ப மாட்டிடுவேன்."

"வாசம் போகாட்டி?"

"இதுவரைக்கும் போயிருச்சுக்கா," என்றான்.

வாணி மூன்றாவது மென்பொருளைப் பரிந்துரைத்து எழுதினாள். காரணம் என்ற இடத்தில், 'எண் வராத நேரத்தை மறைக்காமல் காட்டுகிறது' என்று ஒரே வரி. மறுநாள் காலை சிவநேசன் அந்தத் தாளை மேஜைமேல் அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார். அவர் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"கஸ்டமர் முன்னால கோடு பிஞ்சு பிஞ்சு ஓடினா நல்லாவா இருக்கும்?"

"அந்த பிஞ்ச எடத்தத்தானே சார் நாம பாக்கணும்."

"பாக்கப் போறோம்லா. கசியுற பம்ப்புக்குப் புது சீல் ஆர்டர் பண்ணியாச்சு. இப்ப ஆறு ரூமும் கோழி, இறால்னு ஃபுல். கம்ப்ரசர நிறுத்தவே முடியாது. ராயா முடியட்டும், மூனு நாள் நிறுத்தி எல்லாத்தையும் மாத்திடலாம். நீ விமலனோடத எழுதிக் கொடு."

புதுப் படிவத்தை அவரே தயாராக வைத்திருந்தார். காரணம் என்ற இடத்தில் 'தெளிவான, தடையற்ற காட்சி' என்று தட்டச்சு செய்திருந்தது. வாணி அதைப் படித்தாள். சீல் வரப்போகிறதே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். கையெழுத்துப் போட்டாள்.

பத்து நாளில் வரவேற்பறையில் பெரிய திரை மாட்டப்பட்டது. வாடிக்கையாளர்கள் வந்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், கை குலுக்கினார்கள். எல்லாம் பச்சை. வாணி மட்டும் தினமும் காலையில் மூலக் கோப்பைத் திறந்து பார்த்தாள். ஐம்பது நிமிடம். ஒரு மணி பத்து நிமிடம். பிறகு ஒரே நாளில் இரண்டு முறை.

ஒரு சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸுக்குப் போய் விமலனை ஒரு சாப்பாட்டுக் கடையில் பார்த்தாள்.

"தம்பி, எண் வரலன்னா கோட்ட அறுத்துக் காட்டுற மாதிரி மாத்த முடியாதா?"

"முடியும்க்கா. ஒரே க்ளிக்." விமலன் டம்ளரை நகர்த்தி வைத்தான். "ஆனா உங்க பாஸ் அத மாத்தக்கூடாதுன்னு சொல்லிட்டாரு. அந்த செட்டிங்கையே பூட்டச் சொன்னாரு. உங்க லாகின்ல அது தெரியாது."

"ஏன்னு கேக்கலையா?"

"கஸ்டமர் சொன்னா செஞ்சு கொடுக்குறதுதானே எங்க வேலை. சீரியஸா எதுவும் இல்லையே அக்கா?"

கோலாலம்பூரில் இருக்கும் தலைமை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினாள். பதினோரு இடங்கள் இப்போது இருபத்தாறு ஆகியிருந்தன. எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதினாள். அனுப்பவில்லை. ராயாவுக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. இத்தனை நாள் போனது போல இதுவும் போய்விடும் என்று நினைத்தாள்.

வியாழக்கிழமை காலை பத்தே கால் மணிக்கு அலுவலகத்துக்குள் அந்த நெடி வந்தது. யாரோ மலாயில் ஓடச் சொல்லிக் கத்தினார்கள். அலாரம் அடிக்கவில்லை. வாணி மூக்கைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டு வரவேற்பறை வழியாக ஓடினாள். பெரிய திரையில் இயந்திர அறை பச்சையாக இருந்தது. இருபத்திரண்டு என்று காட்டியது. வெளியே கார் நிறுத்தும் இடத்தில் நின்று எல்லோரும் தலையை எண்ணினார்கள். ஓர் ஆள் குறைந்தது.

தீயணைப்புப் படையினர்தான் திருச்செல்வத்தைத் தூக்கி வந்தார்கள்.

அவன் பிழைத்துக்கொண்டான். வலது கண் போய்விட்டது. பத்து அடி நடந்தால் மூச்சு வாங்கியது. மருத்துவமனையில் வாணி அவன் கட்டிலருகே உட்கார்ந்தபோது அவன் நேராகக் கேட்டான்.

"அக்கா, நீங்க வந்து கேபிளப் பத்திக் கேட்டீங்களே, அப்பவே உங்களுக்கு எல்லாம் தெரியுமா?"

"தெரியும்."

"ஆறு வாரமாவா?"

அவள் தலையாட்டினாள். திட்டுவான் என்று காத்திருந்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு, "எனக்கு ஆகஸ்ட்லேருந்தே தெரியும்க்கா," என்றான்.

விசாரணைக்கு வந்த அரசாங்கப் பாதுகாப்பு அதிகாரி, இந்த மென்பொருளைத் தேர்ந்தெடுத்தது யார் என்று கேட்டார். சிவநேசன் படிவத்தை நீட்டினார். வாணி, கையெழுத்து தன்னுடையதுதான் என்றாள். பிறகு மூலக் கோப்பு, தான் முதலில் எழுதிய பரிந்துரை, அனுப்பாத மின்னஞ்சல் மூன்றையும் அவர்முன் வைத்தாள். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவள் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. சிவநேசன் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். வாணியை யாரும் நீக்கவில்லை. அவளே ஜூனில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வெளியேறினாள். இப்போது சுங்கை பூலோவில் ஒரு மருந்துக் கிடங்கில் வேலை.

சென்ற மாதம் விமலன் தொலைபேசியில் கூப்பிட்டான். குரல் சரியில்லை. கிள்ளானில் இன்னொரு குளிர்பதனக் கிடங்கு. அவர்களும் அந்த ஒரு செட்டிங்கைப் பூட்டச் சொல்கிறார்களாம்.

"நீங்க என்ன செஞ்சீங்க தம்பி?"

"போன வாரமே பூட்டிக் கொடுத்துட்டேன்க்கா. அப்புறம் தூக்கமே வரல."

"கம்பெனி பேரச் சொல்லுங்க."

பெயரோடு முகவரியையும் சொன்னான். வாணி வேலையைப் போட்டுவிட்டு அந்தப் பெயரையும் முகவரியையும் அதே பாதுகாப்பு அதிகாரிக்கு எழுதி, இந்த முறை உடனே அனுப்பினாள். கிடைத்தது என்று ஒரு வரிப் பதில் வந்தது. யாராவது போய்ப் பார்த்தார்களா என்று கேட்டு அவள் இரண்டு முறை எழுதிவிட்டாள். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.