சாக மறுத்த நரி

முதலாளி பூபாலன் ஜெர்மனிக்குப் போனபோது, அவரிடம் பனியன் வாங்கும் கம்பெனிக்காரர்கள் அவரை ஓபரா என்னும் பாட்டு நாடகத்துக்கு அழைத்துப் போனார்கள். காட்டு விலங்குகள் பிறந்து, பாடி, செத்து, மறுபடி பிறக்கும் கதை. பாதிக்கு மேல் அவர் தூங்கினார். விழித்தபோது வாழ்க்கைச் சுழற்சி என்றால் என்னவென்று அவருக்கு விளங்கியிருந்தது.

நல்லூருக்குத் திரும்பியதும், கார் நிறுத்த இடம் போதவில்லை என்று கம்பெனி வாசலில் நின்ற வேப்பமரங்களை வெட்டச் சொன்னார். வெள்ளைக்காரர்கள் வரும்போது தொழிலாளர்களை வைத்தே ஒரு காட்டு ஓபரா போட வேண்டும் என்றும் அன்றைக்கே சொன்னார்.

பொறுப்பு, மேனேஜர் நித்தீஷின் தலையில் விழுந்தது. ஒடிசாப் பையன்கள் மான்களானார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. சூப்பர்வைசர் ஆந்தையானார், பெரிதாக வேஷம் தேவைப்படவில்லை. வேட்டைக்காரன் சுட்டுச் சாகும் தாய் நரிக்கு ராக்கம்மாளைப் பிடித்தார்கள்.

ராக்கம்மாள் சாத்தூர்ப் பக்கத்துக்காரி. கணவன் மூக்கையாவோடு பிழைக்க வந்து, தைத்த பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறை வெட்டி வெட்டியே ஐம்பதைத் தொட்டவள். நல்லூரில் தெற்கத்திக்காரர் வீட்டில் எழவு விழுந்தால் ஒப்பாரிக்கு அவளைத்தான் கூப்பிடுவார்கள். செத்தவரின் பெருமையோடு, மருமகள் சோறு போடாத கதையையும் சேர்த்தே பாடிவிடுவாள். அதனால் சில மருமகள்களுக்கு அவளைக் கண்டாலே ஆகாது.

அவள் நின்று வேலை செய்த தகரக் கொட்டகையில் ஃபேன் சித்திரையிலேயே நின்றுவிட்டது. நித்தீஷிடம் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். வரும் வரும் என்றான். ஒத்திகை மட்டும் ஏசி அறையில் நடந்தது. நரி இயற்கையோடு ஒன்றிச் சாக வேண்டும், முகத்தில் நிம்மதி தெரிய வேண்டும் என்று அங்கே அவளுக்குப் பாடம் எடுத்தான்.

விழா நாளில் வேட்டைக்காரனாக வந்த மெக்கானிக் வேல்குமார் சுட்டான். நரி விழவில்லை.

"அக்கா, சுட்டுட்டனுங்க. உளுங்க," என்று கிசுகிசுத்தான்.

"பொறு தம்பி. உசுரு அம்புட்டு லேசுல போகாது," என்றவள், மார்பில் அடித்துக்கொண்டு ஆரம்பித்தாள்:

"காட்டுல காத்தடிக்கும், கண்ணசர நெழலிருக்கும்,
காத்தாடி நின்ன கொட்டாயில கருகிச் செத்தேன் மகராசா!
மரத்தையும் வெட்டிப்புட்டு மான்வேசம் போடுறீக,
மாத்துக் காத்தாடி கேட்டதுக்கு மறுமொழிதான் காணலையே!"

பனியன் வாங்க வந்திருந்த வெள்ளைக்கார அம்மாள், மொழி புரியாமலே கண்ணைத் துடைத்துக்கொண்டார். மான்கள் சிரிப்பை அடக்க முடியாமல் முதுகைக் காட்டி நின்றன. அடுத்த அடியில் முதலாளியின் பெயர் வரும்போல் இருந்தது. பூபாலன் எழுந்து மேடை ஓரத்துக்கே போய்விட்டார்.

"நாளைக்கே ஃபேன் மாட்டிடலாமுங்க. கொஞ்சம் சாவுங்க."

அவரும் நாடகத்தில் ஒரு பாத்திரம் என்று நினைத்து விருந்தினர்கள் கைதட்டினார்கள். ராக்கம்மாள் நிதானமாகச் சரிந்து செத்தாள். குட்டி நரிகள் ஓடி வந்து வாழ்க்கை தொடர்ந்தது.

மறுநாள் ஃபேன் ஓடியது. நித்தீஷ் வாங்கிக் கட்டிக்கொண்டான். ஆனால் அந்த அம்மாளுக்கு நரியைப் பிடித்துப்போனதால், அடுத்த வருகைக்கும் ராக்கம்மாளை விலக்க முடியவில்லை. கதையை மாற்றினார்கள். திரை விலகும்போதே நரி செத்துக் கிடக்கும். கடைசிவரை வாயே திறக்காது.

ராக்கம்மாள் மறுப்புச் சொல்லவில்லை. அந்தக் கம்பெனியில் சம்பளத்தோடு படுக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை.